துவக்குக்கு ஒரு கையெழுத்து

இருபத்திரண்டு வருடங்களாக லண்டன் தமிழர்களின் கடவுச்சீட்டுப் படங்களுக்குப் பின்னால் நான் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன். படத்தில் இருப்பவர் இன்னார்தான் என்று ஒரு வரி, என் பெயர், திகதி. கவுன்சிலில் வேலை செய்ததால் என் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. குறைந்தது இரண்டு வருடப் பழக்கம் இருக்க வேண்டும் என்று படிவத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் படத்தில்தான் பலரை நான் முதன்முதலாகப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவருடைய மருமகன், யாரோ ஒருவருடைய மச்சாளின் பிள்ளை. இதை எங்கள் ஆட்கள் யாரும் பொய்யென்று நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. ஊர் தெரிந்தால் ஆளைத் தெரிந்த மாதிரி.

அந்தப் பழக்கத்தில்தான் துப்பாக்கிக்கும் சம்மதித்தேன்.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நான் வழமையாகத் தேநீர் குடிக்கும் சாப்பாட்டுக் கடை. கோயில் நிர்வாகசபையில் என்னோடு இருந்தவர் எதிரே வந்து உட்கார்ந்தார். பிரான்சில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு மனைவியோடு இங்கே வந்தவர். வீடுகளின் கூரைக்குள் அறை கட்டிக் கொடுக்கும் தொழில். கையில் வேலை சுத்தம் என்று பெயர்.

"அண்ணை, ஒரு கையெழுத்து."

"பாஸ்போர்ட்டோ?"

"இல்லை, துவக்கு."

பக்கத்து மேசைக்காரர் ரோல்ஸைக் கடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"விசரோ உமக்கு?"

"வேட்டைத் துவக்கு அண்ணை. இஞ்சை சட்டப்படி எடுக்கலாம். நான் என்ன களவாய் எடுக்கப் போறனோ? சொந்தக்காரர் இல்லாத ஆள், என்னை வடிவாய்த் தெரிஞ்ச ஆள், அவரின்ரை பேரைக் குடுக்கவேணும். பொலிஸ் உங்களுக்கு ஈமெயில் போடும். நல்ல பெடியன் எண்டு எழுதினால் காணும்."

"பெடியனோ? உமக்கு அம்பது வயசு."

"அப்ப நல்ல கிழவன் எண்டு எழுதுங்கோ."

சிரித்தேன். சரி, பேரைப் போடும் என்றேன். என் தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார். இவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. இதற்கு முன் அவருடைய வீட்டுக்குள் ஒரு தடவைகூட நான் போனதில்லை.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ஒரு நாளிதழில் வேலை செய்தவன் நான். துப்பாக்கி என்ன செய்யும் என்பதை எழுதுவதுதான் அந்த வருடங்களில் என் வேலையாக இருந்தது. யார், எங்கே, எத்தனை மணிக்கு, உடல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது. துப்பாக்கி வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயங்களை நான் எழுதிக்கொள்வேன். ஆசிரியர் அவற்றை வெட்டிவிட்டு உடல்களின் எண்ணிக்கையை மட்டும் விடுவார். இவ்வளவும் தெரிந்த நான் ஒரு தேநீருக்குச் சரி என்று சொன்னேன் என்பதை இங்கே பதிந்துவைக்க வேண்டும்.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், விடிய ஆறரைக்கு, அவர் என்னை ஏற்றிக்கொண்டு எசெக்ஸ் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனார். கையெழுத்துக்கு நன்றியாக ஒரு நாள் வேட்டை. நான் வருவதாகச் சொன்னதற்குக் காரணம் வேடிக்கை பார்க்கும் ஆசைதான். அவருக்குப் புதிய தடித்த கம்பளிக் கோட்டு, முழங்கால் வரை பச்சைக் காலுறை, அதில் தொங்கும் குஞ்சம். கோட்டின் மடிப்புத் தடங்கள் இன்னும் போகவில்லை. வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தொடமாட்டேன், சனிக்கிழமையில் பிரச்சினை இல்லை என்று தானாகவே விளக்கம் சொன்னார். நான் கேட்கவில்லை.

"அண்ணை, நாளைக்குக் கரண்ட் நிண்டு, கடையளும் பூட்டினால் என்ன செய்வியள்?"

"மெழுகுதிரி வாங்குவன்."

"கடை பூட்டு எண்டெல்லோ சொல்லுறன்."

"அப்ப உம்மடை வீட்டை வருவன்."

"வந்தால் சுடுவன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பின்வளவுக் கொட்டகையில் அரிசி மூட்டைகள், காஸ் அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, ரின்னில் அடைத்த மீன், மூன்று கத்திகள் வைத்திருப்பதாகச் சொன்னார். இணையத்தில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். அவர்களுடைய வீடியோக்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாராம். மனிதன் சொந்தக்காலில் நிற்க வேண்டும், துவக்கு இல்லாதவன் ஆம்பிளை இல்லை, இந்த நாட்டில் வெள்ளைக்காரன் உன்னை மதிப்பதென்றால் வேட்டைக்குப் போனால்தான் மதிப்பான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் இருந்தவன் நான். அவர் அதற்கு முன்பே பத்தொன்பது வயதில் பாரிசுக்குப் போய்விட்டவர். அந்த வருடங்களில் சொந்தக்காலில் நின்ற ஒருவரையும் நான் காணவில்லை. எல்லோரும் வரிசையில்தான் நின்றோம். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அந்த வரிசையில் முன்னுக்குப் போனார்கள். இதை அவருக்குச் சொல்லவில்லை. கார் அவருடையது.

பண்ணையில் எட்டுப் பேர் சுடுவதற்கு வந்திருந்தார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாததால் அவருக்குப் பண்ணைக்காரர் தன் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்துப் பக்கத்திலேயே நிற்பதாக ஏற்பாடு. எனக்கு ஒரு கம்பு தந்தார்கள். நுனியில் உரப்பையை வெட்டிக் கட்டிய கொடி. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், இரண்டு பெண்கள், இன்னும் சிலர், நான். எல்லோரும் ஒரு காட்டுத்துண்டின் ஒரு முனையில் வரிசையாக நின்று, கொடியை அடித்துக்கொண்டு மறுமுனையை நோக்கி நடக்க வேண்டும். பறவைகள் எங்களுக்கு முன்னால் போகும். மறுமுனையில் வயலில் எட்டுப் பேரும் நிற்பார்கள்.

ஃபெஸன்ட் என்ற அந்தப் பறவை கோழியைவிடச் சற்று நீளம். சேவலுக்குச் செம்பு நிறம், பச்சைக் கழுத்து, நீண்ட வால். காட்டுப் பறவை என்று நினைத்துக்கொண்டு போனேன். தபால்காரர் திருத்தினார். குஞ்சாக வாங்கி, கூட்டில் வளர்த்து, கோடையில் காட்டுக்குள் விடுகிறார்கள். மரங்களுக்கு இடையே நீல நிற பீப்பாய்கள் நின்றன. அவற்றில் கோதுமை. ஆள் வந்தால் தீன் வரும் என்று பழகிய பறவைகள். அதனால் எங்களைக் கண்டு அவை பறக்கவில்லை. நடந்தன. சில எங்களை நோக்கியே வந்தன. கொடியைப் படார் படார் என்று அடித்து, நாங்கள் தீன்காரர் அல்ல என்று அவற்றுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. காட்டின் விளிம்பில் ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. பிறகு வேறு வழியில்லாமல் எழும்பின.

வெடிகள் தொடங்கியதும் நான் மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன். பழைய பழக்கம். தபால்காரர் என்னைப் பார்த்து, முதல் தடவையா என்று அன்பாகக் கேட்டார். ஆம் என்றேன்.

விளிம்புக்கு வந்தபோது வயல் முழுவதும் இறகு. பறவை விழுந்து கிடக்கும். அதன் இறகுகள் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். நாய்கள் ஓடியோடிப் பொறுக்கின. சில பறவைகள் கிடந்த இடத்திலேயே வட்டமடித்தன. யாரும் அவசரப்படவில்லை. ஒருவர் குடுவையில் இருந்து எதையோ ஊற்றிக் குடித்தார். இன்னொருவர் தன் கணக்குக்கு ஏழு என்றார். அதை விளையாட்டுச் செய்தி வாசிப்பவர் போலச் சொன்னார்.

எங்கள் ஆளின் முன்னால் ஒரு சேவல் விழுந்து, ஒடிந்த சிறகை இழுத்துக்கொண்டு ஓடியது. அவர் துப்பாக்கியைப் பண்ணைக்காரரிடம் கொடுத்துவிட்டு அதைத் துரத்தினார். பிடித்தபின் என்ன செய்வது என்று தெரியவில்லை. பூட்ஸ் காலால் மிதித்தார். கால் வழுக்கியது. மறுபடி மிதித்தார். பிறகு அதைக் கால்களில் பிடித்துத் தூக்கி, என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, ஒரு படம் எடுங்கோ. கெதியா."

எடுத்தேன். அந்தப் படம் இப்போதும் என் கைபேசியில் இருக்கிறது. அதில் பறவையின் அலகு திறந்திருக்கிறது. அடுத்து எடுத்ததில் மூடியிருக்கிறது. அவர் இரண்டிலும் ஒரே மாதிரிச் சிரிக்கிறார்.

பறவைகளை வளர்க்கும் காவலர் வந்தார். அறுபது வயதிருக்கும். பறவையை அவர் கையில் இருந்து வாங்கி, இடுப்பில் இருந்த குட்டைத் தடியால் தலையில் ஒரே அடி அடித்தார். முடிந்தது. பிறகு, இங்கே யாரும் இப்படிச் செய்வதில்லை, இனி நாய்க்காரரிடம் விடுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. எனக்கு அந்தக் காவலரிலும் மரியாதை வரவில்லை. ஐந்து மாதம் தீன் போட்டவர் அவர்தான்.

"சொறி, சொறி" என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுச் சிரித்தார் எங்கள் ஆள். அந்தச் சிரிப்பு கார்க் கதவை மூடும் வரை அவர் முகத்தில் இருந்தது. மூடியதும், ஸ்டியரிங்கை உள்ளங்கையால் மூன்று தடவை அடித்தார்.

"அவன் ஆர் எனக்குச் சொல்ல? கோழி வளர்க்கிறவன்."

வழியில் அவருடைய மனைவி போன் எடுத்தார். காரின் ஒலிபெருக்கியில் குரல் கேட்டது. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று மட்டும்தான் கேட்டார்.

"வரேக்கை வருவன். வாயைப் பொத்திக்கொண்டு தண்ணியைக் கொதிக்க வை."

என்னைப் பார்த்து, "உரிக்கிறதுக்கு" என்றார். வீட்டுக்குக் கொண்டுபோக ஆளுக்கு ஒரு சோடிப் பறவை வழக்கம். இவர் கேட்டு வாங்கியது பன்னிரண்டு. மற்றவர்கள் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார்கள். சுடுவதில்தான் அவர்களுக்கு விருப்பம். சாப்பிடுவதில் அவ்வளவு இல்லை.

அவருடைய வீடு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், வரிசையின் கடைசி. பின்வளவுக் குழாயடியில் பெரிய அலுமினியப் பானையோடு அவருடைய மனைவி இருந்தார். காலையில் பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்பவர். மகள் பல்கலைக்கழகத்தில், வேறு நகரத்தில். கணவர் பறவைகளைக் கொத்தாக அவர் முன்னால் போட்டுவிட்டு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். காட்டுவதற்கு ஒன்று இருந்தது.

மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறை. லண்டனில் எங்கள் ஆட்களின் வீடுகளில் அது பெரும்பாலும் சாமி அறை. இங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கிறது. சுவரில் கற்பூரக் கரி தெரிந்தது. இப்போது அங்கே சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று, செங்கல் சுவரில் நாலு போல்ட் போட்டுப் பூட்டியிருந்தது. அனுமதிக்கு முன்பே பெட்டி வந்துவிட்டது.

"வீட்டிலை செங்கல் சுவர் இஞ்சைதான் வசதியா இருக்கு. பொலிஸ் வந்தால் அதைத்தான் பாக்கும்."

"சாமி?"

"குசினியிலை. மைக்ரோவேவுக்கு மேலை. சாமிக்கென்ன அண்ணை, எங்கையும் இருப்பார்."

பெட்டியின் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. நான் இன்னும் கை கழுவியிருக்கவில்லை. மேலே குளியலறைக்குப் போனேன்.

படியேறியதும் எதிரே படுக்கை அறை. பத்திரிகை வேலையில் பழகிய கண் தேவையில்லாததையும் பார்க்கும். பூட்டுப் பக்கத்து நிலை, ஒரு முழ நீளத்துக்கு வெட்டி எடுத்துப் புது மரம் வைக்கப்பட்டிருந்தது. பெயின்ட் இல்லை. கதவின் கீழ்ப்பலகை உள்பக்கமாகப் பிளந்து, அதன்மேல் ஒட்டுப்பலகை ஆணியடிக்கப்பட்டிருந்தது. ஆணித்தலைகள் வெளியே நின்றன. மற்றவர்களின் வீட்டில் நகக்கீறல்கூடத் தெரியாமல் வேலை செய்து கொடுக்கும் மனிதர். தன் வீட்டில் இதைத் திருத்துவதற்கு அவருக்கு மனமில்லை, அல்லது திருத்தாமல் விடுவதில் ஏதோ இருந்தது.

கீழே வந்தபோது அவர் வாசலில் கைபேசியில் யாருடனோ வேட்டையை விவரித்துக்கொண்டிருந்தார். நான் பின்வளவுக்குப் போனேன்.

"துவக்குக்கு நீங்கள்தான் கையெழுத்தாம்" என்றார் அவருடைய மனைவி. தலை நிமிரவில்லை. கொதிநீரில் இருந்து எடுத்த பறவையின் நெஞ்சில் இருந்து கொத்துக் கொத்தாக இறகைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஓம்."

"போடாதேங்கோ."

நான் வாசல் பக்கம் பார்த்தேன். குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மேலை அந்தக் கதவு..."

"ஆடி மாசம். நான் உள்ளை பூட்டிக்கொண்டு இருந்தனான். காலாலைதான் உடைச்சவர். உடைக்க நேரம் எடுத்தது. அதுக்குள்ளை நான் பிள்ளைக்குப் போன் எடுத்திட்டன். அவள் லைன்ல நிண்டதாலை அண்டைக்கு விட்டவர்." அடுத்த பறவையை எடுத்தார். "துவக்கு எண்டால் நேரம் எடுக்காது அண்ணை."

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "யோசிக்கிறன், தங்கச்சி."

அப்போதுதான் நிமிர்ந்தார். முழங்கை வரை ஈர இறகு ஒட்டியிருந்தது.

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு?"

கணவரின் காலடி கேட்டது. அதே மூச்சில், விருந்தாளியிடம் பேசும் குரலில், "தேத்தண்ணி குடிக்கிறியளோ அண்ணை?" என்று கேட்டார்.

அந்தப் பறவைகளைக் கோயில் ஆட்களுக்கெல்லாம் பங்கிட்டார்; எனக்கும் ஒரு சோடி கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை. என் தெருமுனைக் குப்பைப் பெட்டியில் போட்டேன். அடுத்த வாரம் கோயிலில் விசாரித்தபோது, ஒரு வீட்டைத் தவிர வாங்கிய எல்லோரும் அதையேதான் செய்திருந்தார்கள். "மயில் குஞ்சைக் கொண்டுவந்து தாறான், மனுசி வீட்டுக்குள்ளையே எடுக்க விடேல்லை" என்றார் ஒருவர். அந்த ஒரு வீட்டில் கறி வைத்து, ஈயக் குண்டைக் கடித்துப் பல் உடைந்ததாம். பன்னிரண்டு பறவைகளை உரித்தவர் ஒருவர். அவற்றை யாரும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

பொலிஸின் மின்னஞ்சல் வந்தது. எவ்வளவு காலமாகத் தெரியும், கோபக்காரரா, குடிப்பாரா, வீட்டில் யாராவது அவருக்குப் பயப்படுவதாக எப்போதாவது தோன்றியதா. கேள்விகள் நேரானவை. பதில்களும் எனக்குத் தெரியும். ஒன்பது நாள் எழுதவில்லை.

ஏன் என்று விளக்குவது எங்கள் ஆட்களுக்குத் தேவையில்லை. எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி இன்னொருவர் சீருடைக்காரரிடம் சொல்வதற்கு ஒரு சொல் இருந்தது: காட்டிக்கொடுப்பது. முகத்தை மூடிக்கொண்டு இராணுவ வண்டிக்குள் இருந்து, வரிசையில் வரும் ஆட்களைப் பார்த்துத் தலையாட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தலையாட்டியபின் காணாமல் போனவர்களின் விபரங்களைத் தாய்மார்களிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். காட்டிக்கொடுத்தவர் என்று பெயர் கேட்டுக் கொல்லப்பட்டவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அதில் பாதிப்பேர் யாரையும் காட்டிக்கொடுக்காதவர்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த ஒன்பது நாளும் இந்த நியாயத்தை நான் எனக்குச் சொல்லிக்கொண்டது சோம்பலுக்கு, கோழைத்தனத்துக்கு. ஒரு பெண் உரிப்பதை நிறுத்தாமல் சொன்ன சில வசனங்களுக்கு முன்னால் என் சரித்திரத்தை மறைப்பாக வைத்துக்கொண்டேன்.

நிர்வாகசபை நண்பர் ஒருவரிடம் ஆளைச் சொல்லாமல் கேட்டேன். ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பதில் போடாமல் விடும். அவங்கள் வேறை ஆளைக் கேப்பாங்கள். குடும்ப விஷயத்துக்குள்ளை கையை வைச்சீர் எண்டால், பிறகு அந்த மனுசியே உம்மைப் பேசும்."

அதுதான் நல்ல வழி என்று கிட்டத்தட்டத் தீர்மானித்திருந்தேன். ஒன்பதாம் நாள் துவக்குக் கேட்டவரே போன் எடுத்தார். குரலில் உற்சாகம்.

"அண்ணை, பொலிஸ் வீட்டை வந்திட்டுப் போட்டுது. பெட்டியை இழுத்தெல்லாம் பாத்தவன். நல்லா இருக்காம்."

"வேறை என்ன கேட்டவன்?"

"மனுசியோடையும் கதைச்சவன். துவக்கு வீட்டிலை இருக்கிறதுக்கு உமக்கு ஏதும் பயமோ எண்டு. அவளுக்கு இங்கிலீஷ் ஓடாது தானே. நான்தான் மொழிபெயர்த்தனான்."

"அவ என்ன சொன்னவ?"

"அவள் என்ன சொன்னால் என்ன? நான் 'நோ' எண்டன்." சிரித்தார். "வந்தவனும் அவசரத்திலை நிண்டவன். உங்கடை பதில்தான் இன்னும் வரேல்லையாம். கெதியா அனுப்புங்கோ."

அன்று மாலையே எழுதினேன். ஒரு பத்திரிகைக்காரனுக்குக் கடைசி வரை மிஞ்சுவது ஒரு பழக்கம்தான்: கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதுவது. கண்டது: கதவு, நிலை, பறவை, ஸ்டியரிங். காதால் கேட்டது: தொலைபேசியில் மனைவிக்குச் சொன்ன வார்த்தைகள், மொழிபெயர்ப்பைப் பற்றி அவரே சொன்னது. மற்றவர் சொல்லக் கேட்டது: ஆடி மாதம். இரண்டு வருடம் பழக்கம் என்பது கோயில் கூட்டங்களில் மட்டும்தான் என்றும், சம்மதிப்பதற்கு முன்னால் எதையும் நான் விசாரிக்கவில்லை என்றும் எழுதினேன். அந்த வரியைத்தான் இரண்டு தடவை அழித்து எழுதினேன்.

மறுநாள் ஒரு பெண் அதிகாரி எடுத்தார். நிதானமாகப் பேசினார். நான் பிரித்து எழுதியிருந்ததை அவரும் அப்படியே பிரித்துக் கேட்டார். மனைவியிடம் வேலை இடத்தில் தனியாகப் பேசச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் பெண்ணாக இருக்க வேண்டும், கிழக்கு லண்டன் ஆளாக இருக்கக் கூடாது என்றேன். ஏன் என்றார். அன்று பின்னேரமே கோயிலுக்குக் கதை வந்துவிடும் என்றேன்.

ஆறு வாரத்தின் பின் மறுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி. பள்ளிக்கூடக் குசினி இடைவேளையில் எடுத்தார். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

"இல்லையெண்டு கடிதம் வந்திட்டுது அண்ணை."

"நல்லது. உங்களிட்டைத் தனிய வந்து கேட்டவையோ?"

"ஓம். சிங்கப்பூர்ப் பிள்ளை ஒண்டு மொழிபெயர்த்தது. நல்ல பிள்ளை. நான் ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் தங்கச்சி?"

"நான் சொல்லி நிண்டால் நான்தான் நிப்பாட்டினது. நீங்கள் சொல்லி நிண்டால் நீங்கள். அந்த வீட்டிலை இருக்கப் போறது நானெல்லோ." யாரோ கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில், இதோ வருகிறேன் என்றார். அந்த ஆங்கிலம் நன்றாகவே இருந்தது. "அவர் கேட்டால், நான் உங்களோடை கதைக்கேல்லை."

"ஓம்."

கோபம் வந்தது, ஒரு பத்து நிமிடத்துக்கு. பிறகு விளங்கியது. யார் எதைச் சுமக்க முடியும் என்பதை அவர் குழாயடியிலேயே முடிவு செய்திருந்தார். என் பங்கு எனக்கு வந்திருந்தது. அது அதிகமான பங்கும் இல்லை. நான் அவரைக் காப்பாற்றியதாக யாரும் சொல்ல வேண்டாம். அவர் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஒரு பொருள் மட்டும் அங்கே இல்லை.

கணவரை ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடையில் கண்டேன். நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடை முழுவதற்கும் கேட்கும்படி பேசினார்.

"காட்டிக்குடுக்கிறதுதானே பேப்பர்காரரின்ரை தொழில்!"

நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசில் இருந்து கையை எடுத்தார். அந்தச் சொல் எங்கள் ஆட்களை இன்னும் நிறுத்தும்.

கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "அவள் சொன்னவளோ?"

"இல்லை."

"பின்னை?"

"கதவைப் பாத்தனான். உம்மை மாதிரி வேலைகாரன் ஒரு கதவை அப்பிடி விடுறதில்லை."

அவர் முகத்தில் வெட்கத்தைத் தேடினேன். இல்லை. காவலர் பறவையை வாங்கியபோது இருந்த அதே முகம். தான் செய்ததற்காக அல்ல, ஆட்கள் பார்த்ததற்காகக் கறுத்த முகம்.

"சரி. திருப்பி விண்ணப்பம் போடுவன். உங்களைவிடப் பெரிய உத்தியோகத்திலை இருக்கிற ஆக்கள் கனபேரை எனக்குத் தெரியும். ஒருதரும் உங்களை மாதிரிக் கேடுகெட்டவை இல்லை."

அது உண்மை என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. கேட்டால் யாரும் போட்டுவிடுவார்கள். நானே ஓம் என்றவன்தான்.

வீட்டுக்கு வந்து, அவருக்குத் தெரிந்த உத்தியோகக்காரர் யார் யார் என்று யோசித்தேன். நாலு பேர் தேறினார்கள். இதுவரை கேட்டதற்குத்தான் சொன்னேன்; இப்போது கேட்காமல் சொல்லப் போகிறேன். எங்கள் பாஷையில் அதற்கு வேறு பெயர் கிடையாது. ஒவ்வொருவருக்கும் எடுத்து, கண்டதையும் கேட்டதையும் பிரித்துச் சொன்னேன். ஆடி மாதத்தைச் சொல்லவில்லை. அது மனைவியின் வாயில் இருந்து வந்தது. முதலாமவர், இதை எனக்கு ஏன் சொல்கிறீர்கள் என்றார். இரண்டாமவர் கடைசி வரை உம் கொட்டிவிட்டு, மகளின் கலியாணத்துக்கு வரச் சொன்னார். மூன்றாமவர் எடுக்கவே இல்லை.

நாலாமவர் நோர்பரியில் பல் வைத்தியர். எங்கள் எல்லோரையும்விட வயது குறைந்தவர். முழுவதையும் கேட்டார்.

"ஐயோ அண்ணை, நான் போன கிழமையே ஓம் எண்டு சொல்லிப்போட்டன். சும்மா ஒரு கையெழுத்து எண்டுதானே கேட்டவர்."

"இப்ப இல்லை எண்டு சொல்லுங்கோ."

"முகத்துக்கு நேரே எப்பிடிச் சொல்லுறது? அவையின்ரை வீட்டிலை நான் சாப்பிட்டிருக்கிறன்."

"அவருக்குச் சொல்ல வேண்டாம். பொலிஸ் கேக்கும். அப்ப தெரிஞ்சதைச் சொல்லுங்கோ."

"எனக்கு என்ன தெரியும்? கோயிலிலை கண்டதுதான்."

"அதை எழுதுங்கோ. அதுவே காணும்."

போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பக்கத்து அறையில் பல் துளைக்கும் இயந்திரம் ஓடி நின்றது.

"அண்ணை, அந்தக் கதவு எந்தப் பக்கமாய் உடைஞ்சு கிடந்தது?"

"வெளியிலை இருந்து உள்ளுக்கு."

"பூட்டு?"

"நிலையோடை பிடுங்கிக்கொண்டு வந்திருக்கு. புது மரம் வைச்சிருக்கினம்."

"அப்ப உள்ளுக்கை ஆள் இருந்திருக்கு" என்றார். அது கேள்வி இல்லை. பிறகு சொன்னார்: "பொலிஸின்ரை ஈமெயில் திங்கக்கிழமை வந்தது. இன்னும் திறக்கேல்லை. லைன்லையே நில்லுங்கோ, திறக்கிறன்."